திருமேனியும் ஏடும்

திருவிழாக் காலத்தில் வீதியோரம் நின்று பெருமாள் புறப்பாட்டைச் சேவிக்கும் அன்பர்கள், திருவடி முதல் திருமுடி வரை கண்குளிரச் சேவிப்பார்கள். சாற்றுப்படியின் அழகைப் பேசுவார்கள். குடையையும் சாமரத்தையும் வியப்பார்கள். தண்டுக்கு அடியில் தோள் கொடுத்து நிற்கும் ஸ்ரீபாதம் தாங்குவோரை நோக்குபவர் சிலரே. அவர்கள் எல்லாரும் ஒரே உயரத்தினர் அல்லர். உயரம் குறைந்தவர் தோளில் துணியை மடித்துச் சும்மாடு வைத்துக்கொள்வார். நெடியவர் சற்றே முழங்கால் தளர்த்தி நடப்பார். திருவரங்கத்தில் நம்பெருமாள் எழுந்தருளுகையில் சிம்மகதி, சர்ப்பகதி என்றெல்லாம் நடையழகு காட்டுவார்கள். அந்நடையில் ஒருவருடைய கால் பிசகினாலும் பெருமாள் திருமேனி அசையும். ஆகவே ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து நடக்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பியபின் அவர்களுக்குள் வரப்புத் தகராறு இருக்கலாம். பேச்சுவார்த்தையே அற்றும் இருக்கலாம். தண்டு தோளில் இருக்கும் வரை அது நினைவுக்கு வருவதில்லை.

இதைக் காணும்போது ஒரு வினா எழுகின்றது. ஒற்றுமை, ஒற்றுமை என்று மேடைதோறும் பேசுகிறோமே, அது எதில் ஒன்றுபடுவது? எல்லாரும் ஒரே கருத்தினர் ஆன பிறகு வருவதா? அன்றிக் கருத்து வேறுபட்டு நிற்கும்போதே ஒரு சுமையைச் சேர்ந்து தாங்குவதால் வருவதா? முன்னது கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அது கிடைக்கும் வரை பெருமாள் வீதியில் காத்துக்கொண்டிருக்க முடியுமா?

இவ்வினாவுக்கு விடை தேடி அயல்நாட்டு வரலாறுகளைப் புரட்ட வேண்டியதில்லை. நம் வைணவ மரபிலேயே, அதுவும் பிளவுக்குப் பேர்போன இரு பெயர்களின் வாழ்விலேயே, விடை கிடக்கின்றது.

1323-ஆம் ஆண்டு. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1311-இல், மாலிக் காபூரின் படையைத் தென்னாடு ஒருமுறை கண்டிருந்தது. இப்போது மீண்டும் தில்லிப் படை தெற்கே இறங்கிற்று. நடத்தி வந்தவன் உலூக் கான். பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்ற பெயரால் அரியணை ஏறியவன். படை திருவரங்கத்தை நெருங்கிவிட்டது என்ற செய்தி வந்தபோது அங்கே திருவிழாக் காலம் என்று கோயிலொழுகு உரைக்கின்றது. கோயிலிலிருந்த பெரியோர்கள் கலந்தார்கள். நேரம் மிகக் குறைவு. பெரிய பெருமாள் சந்நிதி முன் கல்திரை எழுப்பினார்கள். கருவறை வெறுஞ்சுவராகத் தோன்றும்படி அதை மறைத்தார்கள். நாச்சியாரின் திருமேனியை வில்வ மரத்தடியில் மறைத்தார்கள் என்பது வரலாறு. மூலவரைத் தூக்கிச் செல்ல இயலாது. உற்சவரை எடுத்துச் செல்லலாம். யார் எடுத்துச் செல்வது?

பிள்ளை லோகாசாரியர் முன்வந்தார். நம்பிள்ளையின் சீடரான வடக்குத் திருவீதிப் பிள்ளையின் திருக்குமாரர். ஸ்ரீவசனபூஷணம் முதலிய பதினெட்டு ரகசிய நூல்களை அருளியவர். அப்போது அவர் மிக முதிர்ந்த வயதினர். பல்லக்கில் அமர்ந்து செல்ல வேண்டிய பருவத்தில் பல்லக்கின் பின்னே நடந்தார். அடியார் சிலருடன் அழகிய மணவாளப் பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு, இரவும் பகலும் காட்டுவழியே தெற்கு நோக்கிச் சென்றார். மதுரைக்கு அருகில் யானைமலையை அடுத்த ஜ்யோதிஷ்குடி என்னும் சிற்றூரை அடைந்ததும் அவர் உடல் தளர்ந்தது. அங்கேயே திருநாடு அலங்கரித்தார். பெருமாள் திரும்புவதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

இன்னொருவர் திருவரங்கத்திலேயே தங்கினார். அவர் வேதாந்த தேசிகர். 1268-இல் தூப்புலில் அவதரித்தவர். மாதுலர் கிடாம்பி அப்புள்ளாரிடம் பயின்றவர். அவர் தாங்க வேண்டியிருந்த சுமை வேறு. சுதர்சன சூரி என்னும் பேரறிஞர், காஞ்சியில் நடாதூர் அம்மாள் ஸ்ரீபாஷ்யத்துக்குச் சொல்லிய பொருள்களையெல்லாம் கேட்டு ‘சுருதப்ரகாசிகை’ என்ற பெயரில் பேருரை வரைந்திருந்தார். கேட்டதை விளக்கியது என்பதே அப்பெயரின் பொருள். அச்சுயந்திரம் இல்லாத காலம். சுவடி அழிந்தால் நூல் அழிந்தது. முதுமையுற்றிருந்த சூரி அச்சுவடியையும், தம் இளம் புதல்வர் இருவரையும் தேசிகரிடம் ஒப்படைத்தார். பிணக்குவியலின் நடுவே பிணம்போல் கிடந்து, அவ்விரு சிறுவர்களையும் சுவடியையும் காத்துக்கொண்டு, இருள் சூழ்ந்தபின் மேற்கே புறப்பட்டார் தேசிகர் என்று குருபரம்பரை கூறும். காவிரிக் கரையில், இன்றைய கர்நாடகத்தைச் சேர்ந்த சத்தியாகாலம் என்னும் ஊரில் பல்லாண்டு வாழ்ந்தார். அச்சம் நீங்க வேண்டி அவர் அருளிய அபீதிஸ்தவம் அக்காலத்தது என்பர்.

இவ்விரண்டு பயணங்களையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் திருமேனியைத் தாங்கித் தெற்கே சென்றார். மற்றவர் ஏட்டைத் தாங்கி மேற்கே சென்றார். திருமேனி மட்டும் பிழைத்து ஏடு அழிந்திருந்தால், இன்று ஸ்ரீபாஷ்யத்தின் நுண்பொருள்களைத் திறக்கும் பெருந்திறவுகோல் நம் கையில் இராது. ஏடு மட்டும் பிழைத்துத் திருமேனி அழிந்திருந்தால், பொருள் விளங்கும். அப்பொருளை வீதியில் எழுந்தருளச் சேவிக்க வழி இராது. இருவர் சுமையும் சேர்ந்தே திருவரங்கம் ஆயிற்று.

இவ்விரு பெரியோர்களின் பெயர்களாலேயே பின்னாளில் நாம் இரு கலையாராகப் பிரிந்து நின்றோம்.

அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை என்று மழுப்புவதில் பயனில்லை. இருந்தது. எம்பெருமானின் அருள் காரணமின்றியே வருவது, நம் செயல் எதையும் அது எதிர்நோக்குவதில்லை என்ற பக்கத்தில் லோகாசாரியரின் நூல்கள் நிற்கின்றன. அருளே முதன்மை, ஆயினும் சேதநனிடம் ஒரு சிறு வியாஜமாவது வேண்டும், இன்றேல் எல்லாருக்கும் ஒரே நாளில் வீடு கிடைத்திருக்குமே என்ற பக்கத்தில் தேசிகர் நிற்கிறார். பூனைக்குட்டி, குரங்குக்குட்டி உவமைகளை நம் பாட்டிமார் முதல் எல்லாரும் அறிவர். தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்லும். குரங்குக்குட்டியோ தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். இது சிறிய வேறுபாடன்று. மனிதன் தன் நன்மைக்குத் தான் எவ்வளவு பொறுப்பு என்ற வினா, உலகெங்கும் சமயங்களைப் பிளந்த வினா. நுண்ணறிவாளர் இருவர் அதில் வேறுபட்டது வியப்பன்று. வேறுபடாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

ஆயினும் கொள்ளிடக் கரையில் படை வந்து நின்ற அன்று, அருள் நிர்ஹேதுகமா சஹேதுகமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம் என்று எவரும் சொல்லவில்லை. யார் எதைத் தூக்குவது என்பதே அன்றைய வினா. நம் கொள்கையின்படி நடப்பவர்தாம் நம் பெருமாளைத் தொடலாம் என்றும் எவரும் சொன்னதாக வரலாறு இல்லை.

இன்னொன்றையும் கருத வேண்டும். தென்கலையார்க்குத் தமிழ், வடகலையார்க்கு வடமொழி என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. ஆராயாதார் கூற்று அது. ஆழ்வார் பாசுரங்களின் உட்பொருளை வடமொழியில் திரமிடோபநிஷத் தாத்பர்ய ரத்னாவளியாகத் தொடுத்தவர் தேசிகரே. தமிழிலேயே பிரபந்தங்களும் பாடியிருக்கிறார். லோகாசாரியரின் நூல்களோ வடமொழிச் சொற்கள் செறிந்த மணிப்பிரவாளம். பாணர் குலத்தில் தோன்றிய திருப்பாணாழ்வாரின் அமலனாதிபிரானை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தே பாசுரங்கள். அதற்கு லோகாசாரியரின் தம்பியார் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் வியாக்கியானம் செய்தார். தேசிகரும் அதற்கே ‘முனிவாகனபோகம்’ என்று உரை செய்தார். பிறப்பால் தாழ்ந்தவர் என்று உலகம் ஒதுக்கிய ஒருவரின் சொல்முன் இரு இல்லத்தாரும் சேர்ந்து கைகூப்பி நின்றதை இவ்வுரைகள் காட்டுகின்றன.

பிளவு பின்னர் வந்தது. எங்கோ ஒருநாள் திடீரென்று வந்ததன்று. பெரியோர்களின் நூல்கள் சீடர் கையிலும், சீடரின் சீடர் கையிலும் சென்று, நூற்றாண்டுகள் கடந்து, தனித்தனி மடங்களும் தனித்தனி ஆசார்ய பரம்பரைகளும் உறுதிப்பட்ட பின்னரே இரு கலைகளும் இன்று நாம் அறியும் வடிவை எய்தின. வேறுபாடுகளைப் பதினெட்டு என்று கணக்கிட்டார்கள். கணக்கிட்டதில் குற்றமில்லை; கற்றோர் அவையில் அவ்விவாதங்கள் அறிவுக்கு விருந்து. குற்றம் பிறந்தது விவாதம் வித்வத் சபையை விட்டுக் கோயில் வாசலுக்கு வந்தபோது. நாலாயிரத்துப் பாசுரங்களை இரு கலையாரும் ஒருசேரவே ஓதுகிறார்கள். ஓதத் தொடங்குமுன் சொல்லும் தனியன் எது, ஓதி முடித்தபின் சொல்லும் வாழித் திருநாமம் யாருடையது என்பதிலேதான் கோஷ்டிகள் முட்டிக்கொண்டன. வாசற்படிக்கும் கொல்லைப்புறத்துக்கும் வழக்காடி, நடுவிலுள்ள வீட்டை மறந்தவர் கதை இது. திருமண்காப்பின் அடியில் பாதம் வைப்பதா கூடாதா என்பதும் வழக்காயிற்று. காஞ்சிபுரத்தில் ஓதும் உரிமை பற்றிய வழக்குகள் ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிமன்றப் படிகளை ஏறித் தலைமுறைகளைக் கடந்தன. கோயில் யானையின் நெற்றிக்கு எந்தத் திருமண் என்பதும் பூசலுக்குப் பொருளாயிற்று என்பார்கள். யானையைக் கேட்டிருந்தால் ஒருவேளை நல்ல தீர்ப்புக் கிடைத்திருக்கும்!

இங்கே ஒரு தடை எழலாம். ஆபத்து வந்தபோது எல்லாரும் ஒன்றுபடுவார்கள். வீடு தீப்பற்றினால் பங்காளிகளும் சேர்ந்துதான் தண்ணீர் இறைப்பார்கள். 1323-இல் நடந்ததும் அதுதானே. படை அகன்றபின் பங்காளிச் சண்டை மீள்வது இயல்புதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அச்சத்தால் பிறந்த ஒற்றுமை அச்சம் தீர்ந்ததும் தீரும் என்பதற்கு நம் சமுதாயமே சான்றாக நிற்கையில் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒற்றுமை வேண்டி இன்னொரு படையெடுப்பை வேண்டிக்கொள்ளவும் முடியாது.

ஆனால் 1323-இல் ஒன்றுபட முடிந்தது அச்சத்தால் மட்டுமா? அச்சம் வந்தால் சிதறி ஓடுவதே மனித இயல்பு. சிதறாமல் ஆளுக்கொரு பணியை எடுத்துக்கொண்டார்கள் என்றால், அப்படி எடுத்துக்கொள்ளும் பழக்கம் முன்பே இருந்திருக்க வேண்டும். இருந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் எம்பெருமானார் இராமானுசர் திருவரங்கக் கோயில் நிர்வாகத்தைத் திருத்தியமைத்தபோது, பணியாளர்களைப் பத்துக் கொத்தாக வகுத்தார் என்று கோயிலொழுகு சொல்லும். பாசுரம் ஓதுவோர், திருவாராதனம் செய்வோர், திருமேனி காவல் புரிவோர், தச்சர், கொல்லர், குயவர், ஈரங்கொல்லி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பணி இருந்தது. பானை செய்பவர் பானை கொணராவிட்டால் பெருமாளுக்குத் தளிகை இல்லை. வேதம் வல்லாரின் பெருமையும் அன்று அவர் கைப்பானையை நம்பி நின்றது. உடையவர் அவர்களை நோக்கி ஒற்றுமையாயிருங்கள் என்று சொற்பொழிவு ஆற்றியதாகச் செய்தியில்லை. ஒருவர் இல்லாமல் மற்றவருடைய கைங்கர்யம் முற்றுப்பெறாதவாறு வேலையைப் பகுத்து வைத்தார், அவ்வளவே. அந்தப் பழக்கம் இருநூறாண்டு நாள்தோறும் நடந்து வந்தது. ஆபத்து வந்த அன்று அது கைகொடுத்தது.

அதற்கு மேலும் ஒரு சான்று உண்டு. லோகாசாரியர் திருநாட்டுக்கு எழுந்தருளிய பின்னரும் பெருமாளின் பயணம் நிற்கவில்லை. திருமாலிருஞ்சோலை, கோழிக்கோடு, திருக்கணாம்பி, புங்கனூர் என்று மலைநாடும் கன்னட நாடும் கடந்து திருமலையை அடைந்தது. உடன் புறப்பட்ட கூட்டம் வழியில் நோயாலும் பசியாலும் முதுமையாலும் குறைந்துகொண்டே வந்தது. இறுதியில் கொடவர் என்னும் பணியாளர் மூவர் மட்டுமே காட்டில் பெருமாளைக் காத்திருந்தனர் என்கிறது ஒழுகு. அவர்களைத் துரத்திக்கொண்டு அங்கே படை வரவில்லை. மேற்பார்வையிடவும் ஆளில்லை. போற்றிப் பாடுவாரும் இல்லை. நாளும் காலையில் எழுந்து கிடைத்த காயையும் கிழங்கையும் அமுது செய்வித்துத் தாமும் உண்டு, அடுத்த நாளுக்குக் காத்திருந்தார்கள். இதை அச்சத்தின் ஒற்றுமை என்று எப்படிச் சொல்வது? லோகாசாரியரின் பேரைச் சொல்லும் நாம் இம்மூவரை அடிக்கடி நினைப்பதில்லை என்பது ஒரு குறையே.

மதுரையில் சுல்தான்களின் ஆட்சியை விஜயநகரத்துக் குமார கம்பணர் முடித்தார். அவருடைய தேவியார் கங்காதேவி அவ்வெற்றியை ‘மதுரா விஜயம்’ என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினார். கம்பணரின் தானைத்தலைவர் கோபணாரியர் திருமலையிலிருந்து பெருமாளைச் செஞ்சிக்கு எழுந்தருளச் செய்து, பின் 1371-இல் திருவரங்கத்துக்குக் கொணர்ந்தார். இச்செய்தியைத் திருவரங்கத்துக் கல்வெட்டு சொல்கின்றது. சென்றது 1323, வந்தது 1371, இடையில் நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

நாற்பத்தெட்டு ஆண்டுகள் என்றால் என்ன பொருள்? அன்று இளைஞராயிருந்தவர் இன்று கிழவர். அன்று நடுவயதினர் இன்று இல்லை. திருவரங்கத்தில் எஞ்சியவர்கள், போன பெருமாள் வருவாரோ மாட்டாரோ என்று ஏங்கி, வேறொரு திருமேனியை எழுந்தருளப் பண்ணி ஆராதித்து வந்தார்கள். ஒரு தலைமுறை அத்திருமேனியைச் சேவித்தே வளர்ந்திருந்தது. இப்போது பழைய பெருமாள் என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் நம்புவது எப்படி? அடையாளம் சொல்ல ஆளில்லை. ‘எங்கள் பெருமாள் இவரே’ என்றது ஒரு சாரார். ‘காட்டில் உயிர்கொடுத்துக் காத்த பெருமாள் இவர்’ என்றது மறுசாரார். இரு பக்கமும் பக்திதான். பக்திக்கும் பக்திக்கும் வரும் பூசலே தீர்ப்பதற்கு மிகக் கடினமானது; ஏனெனில் எவரையும் தீயவர் என்று சொல்ல இயலாது.

அப்போதுதான் கண்பார்வை இழந்த முதியவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். பழைய நாளில் பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுத்து வந்த ஈரங்கொல்லி அவர். பெருமாள் திருமஞ்சனம் கண்டருளிய ஈரவாடையைப் பிழிந்து, அத்தீர்த்தத்தை நாள்தோறும் உட்கொண்டு வந்தவர். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்தார்கள். இரண்டு ஈரவாடைகளின் தீர்த்தத்தையும் அவரிடம் கொடுத்தார்கள். ஒன்றைச் சுவைத்தார், பேசாதிருந்தார். மற்றொன்றைச் சுவைத்ததும், ‘இவரே நம்பெருமாள்!’ என்று கதறிவிட்டார். அன்று முதல் அழகிய மணவாளருக்கு நம்பெருமாள் என்ற திருநாமமே நிலைத்தது என்பது மரபு.

வேதம் வல்லார் நிறைந்த அவையில் தீர்ப்புச் சொன்னவர் துணி வெளுத்தவர். அதை அவை ஏற்றது. ‘உனக்கு என்ன தெரியும்?’ என்று கேட்கவில்லை. பத்துக் கொத்தில் அவருக்கும் ஓர் இடம் இருந்தமையால்தான் அவர் சொல்லும் ஓரிடத்தைப் பெற்றது. ‘என் பெருமாள்’ என்று அவர் சொல்லாமல் ‘நம்பெருமாள்’ என்று சொன்னதும் எண்ணத்தக்கது. இருதரப்பும் ‘எங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், கேட்பவரையும் உளப்படுத்திக்கொள்ளும் ‘நம்’ வந்து விழுந்தது. தமிழ்மொழியில் ‘எம்’முக்கும் ‘நம்’முக்கும் உள்ள வேற்றுமையை இலக்கணம் படிப்பவர்கள் இந்த ஒரு சொல்லைக் கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

திருவரங்கத்தார் பகையையும் எவ்வாறு எடுத்துக்கொண்டார்கள் என்பதை இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். பெருமாளிடம் காதல் கொண்டு தில்லியிலிருந்து தொடர்ந்து வந்தாளாகச் சொல்லப்படும் சுல்தானின் மகளைத் துலுக்க நாச்சியார் என்று போற்றி, சித்திர வடிவில் கோயிலுக்குள்ளேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். அவள் பொருட்டுப் பெருமாளுக்கு ரொட்டி அமுது செய்விக்கும் வழக்கமும் உண்டு. படைகளைப் பற்றிய நினைவும் அவளைப் பற்றிய நினைவும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன.

இனி, தீர்ப்பு வந்தபின் நடந்ததைக் கேளுங்கள். நம்பெருமாள் யார் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் இத்தனை ஆண்டுகள் ஆராதிக்கப்பட்ட மற்றத் திருமேனி? வழக்கில் தோற்றவர் என்று அப்புறப்படுத்தினார்களா? இல்லை. அவர் முன் கண்ணீர் விட்டவர்களின் கண்ணீர் பொய்யன்று. இருண்ட நாள்களில் திருவரங்கத்தாரின் தஞ்சமாயிருந்தவர் அவரே. திருவரங்க மாளிகையார் என்று திருநாமம் சாற்றி, நம்பெருமாளுடன் கருவறையிலேயே அவரையும் எழுந்தருளச் செய்தார்கள். யாகசாலைக்கு எழுந்தருளும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. ஆதலால் யாகபேரர் என்றும் வழங்கப்படுகிறார். திருவரங்கத்துக்குச் செல்லும் அன்பர்கள் திருவிழா நாளில் யாகசாலை வழியே செல்ல நேர்ந்தால், சற்று நின்று அவரையும் சேவித்து வாருங்கள்.